ஈரோட்டில் மஞ்சள் கொள்முதலுக்குப் புதிதாக வருவோருக்கு: ஆவணம், ஏலம், ஈரப்பதம், விலை அபாயம்

மசாலாப் பொடி அரைக்கும் ஒரு சிறு ஆலைக்கு மஞ்சள் வாங்கித் தரும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, குறைந்த விலையில் வாங்குவதுதான் கொள்முதல் என்று நினைத்திருந்தேன். முதல் பருவத்தில் சந்தையின் சராசரியைவிடக் குறைவாகவே வாங்கினேன். ஆனால் அந்தச் சரக்கு நான்கு மாதம் கழித்துக் குடோனிலிருந்து வெளியே வந்தபோது எடை குறைந்திருந்தது, அடி வரிசை மூட்டைகளில் வண்டு விழுந்திருந்தது, விலையும் இறங்கியிருந்தது. இவற்றில் விலை இறங்கியதைத் தவிர மற்ற இரண்டையும் நான் தடுத்திருக்க முடியும்; விலை இறக்கத்தையும் ஓரளவு தாங்கியிருக்க முடியும். அதை யாராவது வரிசையாக எழுதிக் கொடுத்திருந்தால் எனக்கு ஒரு பருவம் மிச்சமாகியிருக்கும் என்பதால் இதை எழுதுகிறேன். கீழே விலை வருமிடங்களில் குவிண்டாலுக்கு 12,000 ரூபாய் என்று வைத்திருப்பது கணக்கு விளங்குவதற்காகத்தான். அன்றைய சந்தை விலையை நீங்கள் அதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

1. சந்தைக்குப் போகும் முன் ஆவணங்களை முடித்துவிடுங்கள்

வரத்து உச்சத்தில் இருக்கும்போது உரிமத்துக்காக அலைவது மிகவும் சிரமம். புது மஞ்சள் பொங்கலுக்குப் பிறகு மெல்ல வரத் தொடங்கி, மாசி, பங்குனி, சித்திரையில் குவிகிறது. ஆகவே கார்த்திகையிலேயே வேலையைத் தொடங்கினால்தான் மாசியில் ஏலத்தில் நிற்க முடியும்.

தேவைப்படுபவை இவை: நிரந்தரக் கணக்கு எண் (பான்), தொழில் பெயரில் நடப்புக் கணக்கு, ஜி.எஸ்.டி. பதிவு, உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு அல்லது உரிமம், ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் வாங்குவதற்கான வணிகர் உரிமம், குடோனுக்கான வாடகை ஒப்பந்தம் அல்லது உரிமைப் பத்திரம். குடோன் முகவரி எல்லா ஆவணங்களிலும் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கதவு எண்ணில் இருந்த சிறு வேறுபாட்டுக்காக என் விண்ணப்பம் ஒன்று திரும்பி வந்தது, அதனால் மூன்று வாரம் போயிற்று.

ஜி.எஸ்.டி.யில் புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. விளைவித்த விவசாயியிடமிருந்து வாங்கும்போது அவர் வரி போட மாட்டார். எனவே வாங்கும்போது கட்டிய வரியை விற்பனை வரியில் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரிச் சலுகையும் உங்களுக்கு இல்லை. காயவைத்து மெருகேற்றிய மஞ்சளை நீங்கள் விற்கும்போதோ 5 சதவீத வரி போட வேண்டும். பேசிய விலையில் இந்த வரி அடங்குமா, அடங்காதா என்பதைத் தொலைபேசியிலேயே கேட்டு, பிறகு எழுத்திலும் வாங்கிவிடுங்கள். வேறு மாநிலத்துக்கு விற்பதாக இருந்தால், விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். சரக்கு நகரும்போது அதற்கான மின்னணுப் பயணச் சீட்டாகிய இ-வே பில் வேண்டும்: மாநிலம் தாண்டினால் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேலும், தமிழ்நாட்டுக்குள் என்றால் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேலும் போகும்போது.

2. எங்கே வாங்குவது என்பதை முடிவு செய்யுங்கள்

ஈரோட்டில் மஞ்சள் ஒரே கூரையின் கீழ் விற்கப்படுவதில்லை. ஈரோடு ஒழுங்குமுறை விற்பனைக்கூடம், பெருந்துறை ஒழுங்குமுறை விற்பனைக்கூடம், ஈரோடு கூட்டுறவு விற்பனைச் சங்கம், கோபி கூட்டுறவு விற்பனைச் சங்கம் ஆகிய நான்கு இடங்களிலும் ஏலம் நடக்கிறது. இவை தவிரத் தனியார் மண்டிகளும் இருக்கின்றன. ஒரே நாளில் ஒரே தரத்துக்கு இந்த இடங்களுக்கிடையே விலை மாறுவது வழக்கம். வாங்கத் தொடங்கும் முன் குறைந்தது பத்து ஏல நாள்களாவது நான்கு இடங்களின் விலையையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். விரல் போல நீண்ட விரலிக்கும் உருண்டையான கிழங்குக்கும் தனித்தனி வரிசை போடுங்கள். செய்தித்தாளில் 'மஞ்சள் விலை' என்று ஒரே எண்ணாக வருவதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

புதியவர்களுக்கு ஒழுங்குமுறை விற்பனைக்கூடமோ கூட்டுறவுச் சங்கமோதான் ஏற்ற இடம் என்பது என் கருத்து. சந்தைக் கட்டணமாக மதிப்பில் 1 சதவீதம் வாங்குபவர் கொடுக்க வேண்டும். ஆனால் அதற்குப் பதிலாக முத்திரையிட்ட எடை, எடைச்சீட்டு, தகராறு வந்தால் தீர்த்துவைக்க ஒரு கண்காணிப்பாளர் ஆகியவை கிடைக்கின்றன. தனியார் மண்டியில் கடன் தவணை கிடைக்கும், முகம் பழகினால் நல்ல சரக்கும் ஒதுக்கி வைப்பார்கள். ஆனால் அது பழகியவர்களுக்கான இடம்.

3. ஏல நாளில் தட்டுக்கு முன் நிற்கும்போது

ஒவ்வொரு விவசாயியின் சரக்குக்கும் ஒரு மாதிரி எடுத்துத் தட்டில் வைத்திருப்பார்கள். வணிகர்கள் வரிசையாகப் பார்த்துக்கொண்டே போய், தங்களுக்கு வேண்டிய குவியலுக்கு விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். பெட்டியைத் திறக்கும்போது உயர்ந்த விலை எழுதியவருக்குச் சரக்கு. இது மறைமுக ஏலம் என்பதால் பக்கத்தில் நிற்பவர் என்ன எழுதினார் என்று தெரியாது. உங்கள் உச்ச விலையை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு வர வேண்டும். அந்த உச்ச விலையைக் கண்டுபிடிக்கும் கணக்கு ஐந்தாவது படியில் இருக்கிறது.

மாதிரியைப் பார்ப்பது எப்படி என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு மூத்த கொள்முதல்காரர். தட்டின் மேல்பரப்பை அவர் பார்க்கவே மாட்டார். கையை அடிவரை விட்டு ஒரு பிடி எடுப்பார். அதிலிருந்து தடிமனான விரல் ஒன்றைப் பிரித்து இரண்டாக ஒடிப்பார். நன்றாகக் காய்ந்த மஞ்சள் உலோகத்தைத் தட்டியது போன்ற ஓசையுடன் படீரென்று முறியும்; முறிந்த இடம் ஓரத்திலிருந்து நடுவரை ஒரே நிறமாக இருக்கும். ஈரம் இருந்தால் சற்று வளைந்து, நார் இழுத்து, ஓசையில்லாமல் பிரியும். நடுவில் கருத்த வளையம் தெரியும். பிறகு அந்தப் பிடியைத் தட்டின் வெறுமையான ஓரத்தில் போட்டு, கீழே உதிரும் மண்ணையும் தோலையும் பார்ப்பார். ஊசித்துளை போன்ற ஓட்டை ஒரு விரலில் இருந்தால்கூட அந்தக் குவியலை விட்டு நகர்ந்துவிடுவார், ஏனென்றால் அது பழைய மஞ்சளில் வண்டு ஏறியதற்கான அடையாளம்.

பளபளப்பான மஞ்சள் நிறத்தைக் கண்டு மயங்காதீர்கள். மேலே பூசிய நிறம் ஈரத் துணியால் துடைத்தாலே துணியில் வரும். லெட் குரோமேட் போன்ற நச்சுச் சாயம் கலந்த சரக்கை நீங்கள் தெரியாமல் வாங்கி விற்றாலும் உணவுப் பாதுகாப்புச் சட்டம் உங்களையும் கேட்கும். அதைவிட, அந்தப் பொடி போய்ச் சேர்வது ஏதோ ஒரு வீட்டுச் சமையலறையில் என்பதை மறக்கக் கூடாது. புதிய இடத்திலிருந்து வாங்கும் ஒவ்வொரு முறையும் அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தில் ஈரப்பதம், மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் அளவு, லெட் குரோமேட் ஆகிய மூன்றையும் சோதியுங்கள். முடிவு வரச் சில நாள்கள் ஆகும். அதுவரை அந்தச் சரக்கைத் தனியே அடுக்கி, மற்றதோடு கலக்காமல் வைத்திருங்கள்.

ஏலம் உங்களுக்கு விழுந்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. எடை போடும்போது கூடவே நில்லுங்கள். மூட்டைக்குள் இருப்பது மாதிரியோடு ஒத்துப்போகவில்லை என்றால், எடை முடிந்து சீட்டு எழுதும் முன்பே கண்காணிப்பாளரிடம் சொல்ல வேண்டும். சரக்கு லாரியில் ஏறிய பிறகு சொல்லும் குறைக்கு மதிப்பில்லை.

4. ஈரப்பதத்தைக் கணக்காகப் பாருங்கள்

நான் பணத்தை இழந்தது இங்கேதான். சட்டப்படி முழு மஞ்சளில் ஈரப்பதம் 12 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. நான் கையால் ஒடித்துப் பார்த்து 'சரியாகத்தான் இருக்கிறது' என்று வாங்கிய சரக்கில் 14 சதவீதம் இருந்தது பின்னர்தான் தெரிந்தது.

100 கிலோ மஞ்சளில் 14 சதவீதம் ஈரம் என்றால் உலர்பொருள் 86 கிலோ. அது குடோனில் காய்ந்து 10 சதவீதத்துக்கு வரும்போது அதே 86 கிலோ உலர்பொருள் மொத்தத்தில் 90 சதவீதமாகிறது. 86-ஐ 0.90-ஆல் வகுத்தால் 95.6 கிலோ. அதாவது குவிண்டாலுக்கு ஏறக்குறைய 4.4 கிலோ காற்றில் போய்விடுகிறது. கிலோ 120 ரூபாய் என்றால் குவிண்டாலுக்கு 530 ரூபாய். நான் பேரம் பேசி மிச்சம் பிடித்ததாக நினைத்தது 300 ரூபாய்.

கையடக்க ஈரமானி ஒன்றை வாங்கிவிடுங்கள். அது காட்டும் எண்ணை ஆய்வக முடிவோடு இரண்டு மூன்று முறை ஒப்பிட்டு, எவ்வளவு கூட்டியோ குறைத்தோ காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு ஏலத்தில் எழுதும் விலையை ஈரத்துக்கேற்ப இறக்குங்கள். 14 சதவீதச் சரக்கை வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. உங்களிடம் களமும் வெயிலும் ஆளும் இருந்தால் வாங்கலாம், ஆனால் 10 சதவீதச் சரக்கின் விலைக்கு வாங்கக் கூடாது.

5. அடக்க விலையை ஏலத்துக்கு முந்தைய இரவே எழுதுங்கள்

50 குவிண்டால், குவிண்டால் 12,000 ரூபாய், நான்கு மாத இருப்பு என்று வைத்துக்கொள்வோம். சரக்கின் விலை 6,00,000 ரூபாய். சந்தைக் கட்டணம் 1 சதவீதம், 6,000 ரூபாய். ஆண்டுக்கு 12 சதவீத வட்டி என்றால் மாதம் 6,000 வீதம் நான்கு மாதத்துக்கு 24,000 ரூபாய். ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, சாக்கு, வண்டி வாடகை, குடோன் வாடகை, காப்பீடு எல்லாம் சேர்த்து 15,000 ரூபாய் என்று எடுத்துக்கொண்டால் மொத்தம் 6,45,000 ரூபாய். எடை 2 சதவீதம் குறைந்து 49 குவிண்டால்தான் விற்பனைக்கு வரும். 6,45,000-ஐ 49-ஆல் வகுத்தால் 13,163 ரூபாய். இப்படிக் கிடைக்கும் அடக்கம் நீங்கள் எதிர்பார்க்கும் விற்பனை விலையைத் தாண்டாத வாங்கு விலைதான் ஏலத்தில் உங்கள் உச்ச விலை.

அதாவது 12,000 ரூபாய்க்கு வாங்கிய மஞ்சளை 13,100 ரூபாய்க்கு விற்பவர் நட்டத்தில்தான் விற்கிறார். வட்டியைப் பலர் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை, 'என் சொந்தப் பணம்தானே' என்பார்கள். சொந்தப் பணத்துக்கும் வங்கி வைப்பில் வட்டி கிடைத்திருக்கும் என்பதால் அதையும் சேர்த்தே ஆக வேண்டும்.

இந்த எண்ணோடு இன்னும் இரண்டு எண்களை எழுதுங்கள்: எந்த விலை வந்தால் பாதியை விற்பேன், எந்த விலைக்குக் கீழே போனால் மீதியையும் விற்று வெளியேறுவேன். எழுதிய தேதியையும் போட்டு, குடோன் சாவியோடு வைத்துவிடுங்கள். சரக்கு கையில் இருக்கும்போது மனம் நேராக யோசிக்காது. விலை ஏறினால் இன்னும் ஏறும் என்றும், இறங்கினால் திரும்பிவிடும் என்றும் சொல்லிக்கொண்டே இருக்கும். 2010-இல் குவிண்டால் 17,000 ரூபாய் வரை போன மஞ்சள், 2012-இன் தொடக்கத்தில் 4,000 ரூபாயைச் சுற்றி நின்றது. திரும்பிவிடும் என்று அந்த இடைவெளி முழுவதும் காத்திருந்தவர்களும் இருக்கிறார்கள்.

6. குடோனும் ரசீதும்

தரையில் நேராக அடுக்காதீர்கள். மரப்பலகை மேல், சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, ஆள் நடக்க வழி விட்டு அடுக்குங்கள். மாதம் ஒரு முறை நடு வரிசையிலிருந்தும் அடி வரிசையிலிருந்தும் ஒரு மூட்டையைப் பிரித்துப் பாருங்கள். என் அடி வரிசையில் வண்டு விழுந்தது, மேல் வரிசையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்ததால்தான். புகைமூட்டம் போடுவதை உரிமம் பெற்றவர்களிடம்தான் விட வேண்டும், அந்த மருந்து உயிரைக் குடிக்கக் கூடியது.

வாடகைக் குடோன் என்றால், கிடங்கு மேம்பாட்டு ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு பெற்ற கிடங்காக இருப்பது நல்லது. அங்கே மின்னணுக் கிடங்கு ரசீது தருவார்கள், அதை அடகு வைத்து வங்கியில் கடன் பெறலாம். சாதாரணக் குடோன்காரர் துண்டுச் சீட்டில் எழுதித் தரும் மூட்டைக் கணக்குக்கு வங்கியில் மதிப்பில்லை. காப்பீட்டுப் பத்திரத்தில் தீ, வெள்ளம், திருட்டு மூன்றும் இருக்கின்றனவா என்று படித்துப் பாருங்கள். பூச்சிச் சேதமும் விலைச் சரிவும் பொதுவாக அதில் வராது.

7. விலை அபாயத்தை முன்பேரத்தில் மாற்றிவைப்பது

என்.சி.டி.இ.எக்ஸ். என்ற பண்டகச் சந்தையில் மஞ்சளுக்கு முன்பேர ஒப்பந்தம், அதாவது பின்னொரு தேதிக்கான விலையை இன்றே பேசிக்கொள்ளும் ஒப்பந்தம், இருக்கிறது. ஓர் ஒப்பந்தம் 5 டன், அதாவது 50 குவிண்டால். விலையைக் குவிண்டாலுக்குச் சொல்வார்கள். 100 ரூபாய் அசைந்தால் ஓர் ஒப்பந்தத்தில் 5,000 ரூபாய் அசையும். இந்தச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் செபி ஆணையத்தில் பதிவு பெற்ற தரகரிடம் பண்டகச் சந்தைக் கணக்கு தொடங்க வேண்டும்.

குடோனில் 50 குவிண்டால் இருக்கிறது, ஈரோட்டு விலை 12,000, மூன்று மாதம் கழித்து முடியும் ஒப்பந்தம் 12,800 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஓர் ஒப்பந்தத்தை விற்கிறீர்கள். விலை இறங்கி ஈரோட்டில் 10,500, ஒப்பந்தம் 11,200 ஆனால், சரக்கில் 75,000 ரூபாய் நட்டம், ஒப்பந்தத்தில் 80,000 ரூபாய் வரவு. குடோனின் நட்டத்தைத் தரகர் கணக்கு ஈடு செய்துவிட்டது.

விலை ஏறினால் என்ன ஆகும் என்பதைத்தான் புதியவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. ஈரோட்டில் 14,000, ஒப்பந்தம் 14,900 ஆனால் சரக்கில் 1,00,000 ரூபாய் லாபம், ஒப்பந்தத்தில் 1,05,000 ரூபாய் நட்டம். மொத்தத்தில் பார்த்தால் வேறுபாடு சிறியதுதான். ஆனால் சரக்கின் லாபம் குடோனில் மூட்டையாக இருக்கிறது, ஒப்பந்தத்தின் நட்டத்தையோ அன்றன்றே பணமாகக் கட்ட வேண்டும். கட்ட முடியாவிட்டால் தரகர் உங்கள் ஒப்பந்தத்தை முடித்துவிடுவார். அடுத்த வாரம் விலை சரிந்தால் சரக்குக்குப் பாதுகாப்பும் இருக்காது, கட்டிய பணமும் போயிருக்கும். ஆகவே ஒப்பந்தம் போடும்போது தரகரிடம் கட்டும் தொடக்க மார்ஜின் தொகையோடு, குவிண்டாலுக்கு 2,000 ரூபாய் ஏறினாலும் தாங்கும் அளவுக்கு, ஓர் ஒப்பந்தத்துக்கு 1,00,000 ரூபாயாவது தனியே வைத்திராமல் விற்காதீர்கள்.

வேறு மூன்று எச்சரிக்கைகளும் உண்டு. ஒப்பந்த விலை தெலங்கானாவின் நிஜாமாபாத் சந்தையை அடிப்படையாகக் கொண்டது; ஈரோட்டு விலை அதோடு ஒரே அளவில் நகராது. தெலங்கானாவிலும் மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி, நாந்தேட் பகுதிகளிலும் மழை எப்படி என்பது நிஜாமாபாத் விலையை அன்றே அசைக்கும், ஈரோட்டை மெதுவாக அசைக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை உங்கள் நோட்டில் இன்னொரு வரிசையாகத் தினமும் எழுதிவந்தால்தான் இந்தப் பாதுகாப்பு எவ்வளவு நம்பத்தக்கது என்று தெரியும். அடுத்து, காலாவதியானால் சரக்கை ஒப்படைக்க வேண்டிய ஒப்பந்தம் இது. உங்கள் சரக்கை ஒப்பந்தம் குறிக்கும் ஒப்படைப்பு மையத்துக்குக் கொண்டுபோகும் எண்ணம் இல்லையென்றால், முடியும் மாதம் பிறக்கும் முன்பே வெளியேறிவிடுங்கள். கடைசியாக, செபி ஒரு பண்டத்தின் முன்பேரத்தை ஒரே நாளில் நிறுத்திவைக்கலாம். 2021 டிசம்பரில் கொண்டைக்கடலை, கடுகு, கோதுமை உட்பட ஏழு பண்டங்களுக்கு அப்படி நடந்தது. அதில் மஞ்சள் இல்லை என்றாலும், அந்த வாய்ப்பை மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

50 குவிண்டாலுக்குக் குறைவாக இருப்பு வைப்பவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். 20 குவிண்டால் சரக்குக்கு 50 குவிண்டால் ஒப்பந்தம் விற்றால், மீதி 30 குவிண்டால் பாதுகாப்பு ஆகாது, அது விலை இறங்கும் என்று கட்டிய பந்தயம். சிறு அளவில் வாங்குபவர்களுக்கு இதைவிட எளிய வழி, வாங்குவதை ஐந்தாறு வாரங்களுக்குப் பிரித்து வாங்குவதும், வாங்கும் அன்றே பாதிச் சரக்குக்கு விலை பேசி ஆர்டர் எழுதி வாங்குவதும்தான்.

8. விற்ற பணம் கைக்கு வரும் வரை

மஞ்சள் வணிகத்தில் 15 நாள், 30 நாள் கடன் என்பது சாதாரணப் பேச்சு. முதல் முறை வாங்கும் ஆளுக்கு முழுக் கடனில் அனுப்பாதீர்கள். பாதி முன்பணம், மீதி லாரி போய்ச் சேர்ந்ததும் என்று பேசுங்கள். விலை, அளவு, ஈரப்பதத்தின் உச்ச வரம்பு, எங்கே போடும் எடை இறுதி, தரக்குறை சொல்ல எத்தனை நாள், வரி யார் பொறுப்பு ஆகிய ஆறையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். லாரியில் ஏறும் முன் மூன்று மாதிரிப் பொட்டலம் கட்டி முத்திரையிட்டு, ஒன்றை வாங்குபவருக்கு அனுப்பி, இரண்டை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். 'உங்கள் மஞ்சளில் ஈரம் அதிகம், குவிண்டாலுக்கு 400 ரூபாய் குறைத்துக்கொள்கிறோம்' என்று ஒரு முறை எனக்குத் தொலைபேசி வந்தபோது, முத்திரையிட்ட அந்தப் பொட்டலம்தான் முழுப் பணத்தையும் பெற்றுத் தந்தது.

குறு, சிறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவு இருந்தால் 45 நாளில் பணம் வாங்கித் தந்துவிடுவார்கள் என்று நம்பிப் பலர் கடனில் விற்கிறார்கள். வாங்கி விற்கும் வணிகர்களுக்கு அந்தப் பதிவு முன்னுரிமைக் கடனுக்கு மட்டுமே பயன்படும், தாமதப் பணத்துக்கான பாதுகாப்பு அவர்களுக்குப் பொருந்தாது. அரைத்துப் பொடியாக்கி விற்கும் சிறு உற்பத்தியாளருக்குத்தான் பொருந்தும். நீங்கள் எந்த வகையில் பதிவு செய்திருக்கிறீர்கள் என்பதைச் சான்றிதழை எடுத்து இன்றே பார்த்துவிடுங்கள்.